நெஞ்சு வலி வருவதற்கு முன்பே எடுத்து வைக்க வேண்டிய அட்டை

ராத்திரி இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு, "அந்த முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எப்படி எடுக்கிறது?" என்று எனக்குப் போன் செய்தவர்கள் பலர். அந்த நேரத்தில் நான் சொல்வதற்கு அதிகம் இருக்காது. ஆட்சியர் அலுவலகம் காலையில்தான் திறக்கும். இதே கேள்வியை ஆறு மாதம் முன்னால் ஒரு மத்தியான வேளையில் கேட்டிருந்தால், அது அரை நாள் வேலையாக முடிந்திருக்கும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். மருத்துவக் காப்பீடு என்ற வார்த்தையே புதிது, எங்கே போய் நிற்பது என்று தெரியாது என்பவர்களுக்கு இது. தமிழ்நாட்டில் இருப்பவர்களை மனதில் வைத்துச் சொல்கிறேன்.

என் அம்மா நாற்பது வருடம் பீடி சுற்றியவர். அவருக்கு ரத்தக் குழாயில் அடைப்பு வந்தபோதுதான் இந்த வழியெல்லாம் எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு தெருவில் யாருக்கு ஆஸ்பத்திரி என்றாலும் காகிதக் கட்டோடு என் வீட்டுக்கு வருகிறார்கள். தெரிந்ததை ஒரே இடத்தில் வைத்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது: நீங்கள் ஏற்கெனவே எதிலாவது இருக்கிறீர்களா?

நிறையப் பேர் காப்பீடு இருந்தும் இல்லை என்று நினைத்துக் கடன் வாங்குகிறார்கள். சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். அதில் இ.எஸ்.ஐ. என்று ஒரு பிடித்தம் இருந்தால் நீங்கள் தொழிலாளர் அரசு காப்பீட்டுக் கழகத்தின் காப்பீட்டாளர். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருக்கும் தொழிலாளர்களுக்கான திட்டம் அது. மாற்றுத்திறனாளி என்றால் 25,000 வரை. 2019 ஜூலையிலிருந்து உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதமும் முதலாளி பங்காக 3.25 சதவீதமும் போகிறது. இந்தச் சிறிய பிடித்தத்துக்கு உங்களுக்கும், உங்களை நம்பியிருக்கும் குடும்பத்தாருக்கும் வைத்தியம் உண்டு. செலவுக்கு உச்சவரம்பு கிடையாது. நோயில் படுத்து வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் வரை, ஆண்டுக்கு 91 நாள் வரை கொடுக்கிறார்கள். சென்னை கே.கே. நகரிலும் கோவையிலும் மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த பெரிய இ.எஸ்.ஐ. மருத்துவமனைகள் இருக்கின்றன. உயர் சிறப்புச் சிகிச்சைக்கு மட்டும் குறிப்பிட்ட காலம் சந்தா கட்டியிருக்க வேண்டும். துணிக்கடையிலும் மில்லிலும் வேலை பார்க்கும் பெண்கள் பலருக்கு, மகப்பேற்றுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு இதில் இருப்பதே தெரிவதில்லை. அந்தப் பணத்தைப் பெற, அதற்கு முந்தைய இரண்டு சந்தாக் காலங்களில் (ஒரு காலம் என்பது ஆறு மாதம்) 70 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும்.

இ.எஸ்.ஐ. இல்லை, அரசு ஊழியரும் இல்லை, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் என்றால் உங்களுக்கானது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். வரம்பு முன்பு 72,000 ரூபாயாக இருந்தது, பிறகு உயர்த்தினார்கள். 72,000 காலத்தில் கேட்டு, "உங்களுக்குக் கிடையாது" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இப்போது மறுபடி போய்க் கேட்க வேண்டும். எங்கள் தெருவிலேயே இப்படி இரண்டு குடும்பம் இருந்தது. ஒரு தடவை இல்லை என்றார்கள், அதோடு விட்டுவிட்டார்கள்.

வருமானம் அதற்கு மேலே என்றால் தனியார் பாலிசிதான் வழி. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் எங்கிருந்து வந்தது

2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்று தொடங்கியது. ஆட்சி மாறியதும் 2012 ஜனவரி 11 முதல் இப்போதைய பெயரில், யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் நிறுவனத்தின் மூலம் நடக்கிறது. 2018 செப்டம்பரில் மத்திய அரசு ஆயுஷ்மான் பாரத் என்ற தன் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைக் கொண்டுவந்ததும் இரண்டையும் இணைத்தார்கள். அதோடு ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்று வரம்பு உயர்ந்தது. அதற்கு முன் 1 லட்சம், சில குறிப்பிட்ட சிகிச்சைகளுக்கு ஒன்றரை லட்சம் என்றுதான் இருந்தது. 2022 ஜனவரியில் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது சிகிச்சை முறைகளின் எண்ணிக்கை 1,090 ஆனது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 849 ரூபாய் பிரீமியத்தை அரசே கட்டுகிறது. நீங்கள் ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை. அட்டைக்கு என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கட்சிக்கும் அட்டைக்கும் சம்பந்தம் இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆட்சி மாறினால் அட்டை போய்விடும் என்று பயந்து வாங்காமலே இருந்த ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். இத்தனை வருடத்தில் பெயரும் தொகையும் மாறியிருக்கின்றன. ஏழைக்கு வைத்தியம் என்பது நிற்கவில்லை.

காகிதம் சேர்ப்பது

மூன்றே மூன்று தேவை: ரேஷன் அட்டை, ஆதார், வருமானச் சான்று. வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் என்று பார்த்து மேலே போகும். வி.ஏ.ஓ.விடம் நேரில் ஒரு தடவை போய்ச் சொல்லிவிட்டு வந்தால் வேலை சீக்கிரம் நடக்கும். "குடும்பத்தில் யார் யார், என்ன வேலை, எவ்வளவு வரும்" என்று கேட்பார்கள். உள்ளதைச் சொல்லுங்கள். கூலி வேலைக்கு ரசீது கிடையாது என்பது அவர்களுக்கும் தெரியும்.

இப்போது நான் நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டிய இடம்: பெயர். ரேஷன் அட்டையில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், ஆஸ்பத்திரிச் சீட்டில் இன்னொரு பெயர். செல்வி, தமிழ்ச்செல்வி, ம. செல்வி. நமக்கு மூன்றும் ஒரே ஆள்தான். கம்ப்யூட்டருக்கு மூன்று ஆள். கல்யாணத்துக்கு முன் அப்பா பெயரின் முதல் எழுத்து, பின் கணவர் பெயரின் முதல் எழுத்து என்று நம் பெண்களுக்கு இந்தச் சிக்கல் கூடுதலாகவே வருகிறது. பிறந்த வருடமும் அப்படித்தான். பழைய ஆட்களுக்கு ஆதாரில் ஜனவரி 1 என்று போட்டிருப்பார்கள். வீட்டில் எல்லாருடைய ஆதாரையும் ரேஷன் அட்டையையும் பாயில் பரப்பி வைத்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். மாறியிருந்தால் ஆதாரை முதலில் சரிசெய்து, பிறகு ரேஷன் அட்டையைத் திருத்துங்கள். இதற்கு நாள் எடுக்கும். உடம்பு நன்றாக இருக்கும்போதே செய்ய வேண்டும் என்று நான் தலையில் அடித்துக்கொள்வது இதற்காகத்தான்.

குடும்பம் என்றால் ரேஷன் அட்டையில் பெயர் உள்ள கணவன், மனைவி, அவர்களைச் சார்ந்திருக்கும் பெற்றோர், பிள்ளைகள். பிள்ளைகளுக்கு 25 வயது வரை, அதற்குள் வேலையோ கல்யாணமோ ஆனால் அதுவரை. மகனுக்குக் கல்யாணமாகித் தனி ரேஷன் அட்டை வாங்கிவிட்டால் அவன் தனிக் குடும்பம், தனியாகப் பதிய வேண்டும். பிறந்த குழந்தையின் பெயரைச் சேர்க்க மறந்துவிடாதீர்கள்.

முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பு இல்லாமலே இந்தத் திட்டம் உண்டு. ஆறு மாதத்துக்கு மேல் இங்கே தங்கி வேலை பார்க்கும் வெளிமாநிலத் தொழிலாளர்களும், தொழிலாளர் துறை சான்றோடு சேரலாம். திருப்பூரிலோ சென்னையிலோ உங்களோடு வேலை பார்க்கும் வடநாட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். அவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை.

பதியப் போகும் நாள்

மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் காப்பீட்டுத் திட்டத்துக்கென்று ஒரு மையம் இருக்கும். அங்கே குடும்பத் தலைவர் நேரில் போக வேண்டும். மூலச் சான்றும் நகலும் இரண்டும் எடுத்துக்கொள்ளுங்கள். போட்டோ எடுப்பார்கள், கைரேகை வைப்பார்கள்.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு போன அன்றைக்குக் கைரேகை விழவில்லை. இலையை வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நூலைக் கட்டி, மறுபடி அடுத்ததை எடுத்து என்று தேய்ந்து போன விரல் அது. கருவி சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டே இருந்தது. அம்மா கையைச் சேலையில் துடைத்துத் துடைத்து வைத்தார். "என் கையில ஒண்ணும் இல்லையே தம்பி" என்று அழுகிற மாதிரி சொன்னார். கருவியோடு உட்கார்ந்திருந்த பையன் பொறுமையானவன். "பரவாயில்லம்மா, தலைமுடியில விரல லேசா தேய்ச்சிட்டு வைங்க" என்றான். எண்ணெய்ப் பிசுக்கு பட்டதும் நான்காவது தடவை, இடது கை நடுவிரலில் விழுந்தது. கூலி வேலை செய்பவர்கள், சுண்ணாம்பில் கை வைப்பவர்கள், பாத்திரம் தேய்ப்பவர்கள் எல்லாருக்கும் இது வரும். முதல் விரல் விழவில்லை என்று திரும்பி வந்துவிடாதீர்கள். பத்து விரலையும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பதிந்ததும் ஓர் அடையாள எண் வரும். அட்டை கைக்கு வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை, அந்த எண்தான் முக்கியம். செல்போனில் படம் பிடித்து வீட்டில் நான்கு பேருக்கு அனுப்பி வையுங்கள். ஏற்கெனவே அட்டை வாங்கியிருக்கிறோமா என்று சந்தேகம் இருப்பவர்கள் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணுக்கு ரேஷன் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிட்டுக் கேளுங்கள். ஆயுஷ்மான் பாரத் பட்டியலில் 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பை வைத்துச் சேர்க்கப்பட்ட குடும்பங்கள் நிறைய. அவர்கள் பெயர் தங்களுக்கே தெரியாமல் அதில் இருக்கும். அந்தப் பட்டியலில் இருப்பவர்களுக்கு வேறு மாநிலத்திலும், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் வைத்தியம் கிடைக்கும்.

எது கிடைக்கும், எது கிடைக்காது

இருதய அறுவைச் சிகிச்சை, ஆஞ்சியோபிளாஸ்டி, டயாலிசிஸ், புற்றுநோய்க்குக் கீமோவும் கதிர்வீச்சும், எலும்பு முறிவு, மூளை நரம்பு அறுவை, காது கேளாத குழந்தைகளுக்கு காக்ளியர் கருவி பொருத்துவது, சிறுநீரக மாற்று, கல்லீரல் மாற்று என்று பெரிய செலவுகள் இதில் வருகின்றன. படுக்கை, மருத்துவர் கட்டணம், மருந்து, பரிசோதனை, நோயாளிக்குச் சாப்பாடு எல்லாம் அந்த ஒரே தொகுப்புத் தொகைக்குள் அடக்கம். பொது வார்டுதான். தனி அறை வேண்டும் என்று கேட்டுப் போனால் சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கும்.

டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்கி வீட்டுக்கு வருவதற்கு இந்த அட்டை உதவாது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைக்கு வேறு வழி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து மாத்திரை தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு தடவை பதிந்தால் போதும். மாதம் ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று மட்டும் பார்க்காதீர்கள். மாத்திரையை விடாமல் போட்டவருக்கு அந்த 5 லட்சம் தேவைப்படாமலே போகலாம்.

அரசு மருத்துவமனையில் எல்லாமே இலவசம், அங்கே எதற்கு அட்டை என்று கேட்பார்கள். அங்கேயும் காட்டுங்கள். உங்களுக்குச் செய்த சிகிச்சைக்கான காப்பீட்டுத் தொகை அந்த மருத்துவமனைக்குப் போகும். கருவியும் மருந்தும் வாங்க அவர்களுக்கு அது பயன்படும். மதுரை ராஜாஜியோ, நெல்லை ஹைகிரவுண்டோ, அடுத்து அந்தக் கட்டிலில் படுக்கப் போவதும் நம் ஆள்தான்.

ஆஸ்பத்திரியில் செய்ய வேண்டியது

கிளம்பும் முன்பே மேலே சொன்ன எண்ணில் கேட்டுவிடுங்கள்: இந்த மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறதா, இந்த நோய்க்கு இருக்கிறதா என்று. இரண்டாவது கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு மருத்துவமனை எலும்புக்கு மட்டும் சேர்ந்திருக்கும், இருதயத்துக்குச் சேர்ந்திருக்காது. வாசலில் பெரிய பலகை இருக்கிறது என்று நம்பிப் போய் ஏமாந்தவர்கள் உண்டு.

உள்ளே போனதும் காப்பீட்டுத் திட்டக் கவுண்டர் எங்கே என்று கேளுங்கள். அட்டை, ரேஷன் அட்டை, ஆதார் நகல்களைக் கொடுத்து, "காப்பீட்டில் சேர்க்கிறோம்" என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். பணம் கட்டி அட்மிட் ஆகிவிட்டு மூன்றாவது நாள் அட்டையைக் காட்டினால் கட்டிய பணத்தைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு. பரிசோதனை அறிக்கைகளோடு மருத்துவமனை முன் அனுமதி கேட்டு அனுப்பும். அனுமதி வந்த பிறகு அறுவை. உயிர் போகிற அவசரம் என்றால் தொலைபேசியில் அனுமதி வாங்கித் தொடங்கவும் வழி இருக்கிறது. அதை நீங்களாகவே கேளுங்கள். அனுமதி எவ்வளவு தொகைக்கு வந்தது, எந்தச் சிகிச்சைக்கு வந்தது என்று ஒரு சீட்டில் எழுதி வாங்குங்கள்.

அட்டையே இல்லாமல் உள்ளே படுத்துவிட்டால்? நோயாளியோடு ஒருவர் இருக்கட்டும். இன்னொருவர் மருத்துவமனைக் கடிதம், ரேஷன் அட்டை, ஆதார், வருமானச் சான்றோடு ஆட்சியர் அலுவலகத்துக்கு ஓடட்டும். அவசரம் என்று சொன்னால் உடனே பார்க்கிறார்கள். வருமானச் சான்று கையில் இல்லாததுதான் அந்த நேரத்தில் காலை வாருகிறது.

கூடுதல் பணம் கேட்டால்

அம்மாவுக்கு ஸ்டென்ட், அதாவது அடைத்த ரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் சின்னக் கம்பி வலைக் குழாய், வைக்க அனுமதி வந்துவிட்டது. அறுவை அரங்குக்குக் கூட்டிப்போகும் முன் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். "காப்பீட்டில் வருவது சாதாரண ஸ்டென்ட், 18,000 கட்டினால் நல்லது வைப்பாங்க" என்றார். அம்மா ஸ்ட்ரெச்சரில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கண்ணைப் பார்த்தபடி யாருக்கு வேண்டாம் என்று சொல்ல வரும்? கட்டினேன். ரசீது கேட்டேன், "அப்புறம் தர்றோம்" என்றார்கள். மறுநாள் தான் பக்கத்துக் கட்டில் மதினி சொல்லி அந்தக் கட்டணமில்லா எண்ணுக்குப் புகார் கொடுத்தேன். கேட்ட முதல் கேள்வி, "ரசீது இருக்கா?" இல்லை. ஆனால் ஜி.பே.யில் அனுப்பியிருந்தேன், அதன் ஸ்கிரீன்ஷாட் இருந்தது. மூன்றாவது நாள் பணம் திரும்பி வந்தது.

ஆகவே, திட்டத்தில் அனுமதி வந்த சிகிச்சைக்குத் தனியாகப் பணம் வாங்கக் கூடாது. ஸ்டென்டுக்கு 2017 பிப்ரவரியிலிருந்து மத்திய அரசே விலை உச்சவரம்பு வைத்திருக்கிறது. கேட்டால், "எழுதித் தாருங்கள், ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கட்டுகிறேன்" என்று அமைதியாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். மாவட்டத்தில் ஆட்சியர் தலைமையில் குறைதீர்ப்புக் குழு இருக்கிறது, திங்கள்கிழமை மனுநாளிலும் கொடுக்கலாம்.

நல்லவர்களும் இருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அதே மருத்துவமனையில் இரவுப் பணியில் இருந்த செவிலியர் ஒருவர், அனுமதி வரும் வரை நாங்கள் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தன் டப்பாவிலிருந்த இட்லியைத் தந்தார்.

சாலை விபத்து

விபத்து என்றால் மேலே சொன்ன எதுவும் குறுக்கே வரக் கூடாது. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், தமிழ்நாட்டுச் சாலையில் அடிபட்ட யாருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அட்டை வேண்டாம், வருமானம் பார்க்க மாட்டார்கள், எந்த ஊர், எந்த நாடு என்று கேட்க மாட்டார்கள். தொடங்கும்போது 1 லட்சம் ரூபாய் வரை, 81 சிகிச்சை முறைகள் என்று வைத்தார்கள். 2025 மே மாதம் மத்திய அரசும் விபத்து நடந்த நாளிலிருந்து ஏழு நாட்களுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை பணமில்லாச் சிகிச்சை என்று அறிவிக்கை வெளியிட்டது. 108-ஐக் கூப்பிடுங்கள். தூக்கிக்கொண்டு போனவரைப் போலீஸ் பிடித்து வைக்கும் என்ற பயத்தை விட்டுவிடுங்கள். உதவியவருக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது, பெயர் சொல்லவும் கட்டாயம் இல்லை.

வீட்டில் 70 வயது நிறைந்தவர் இருந்தால்

2024 அக்டோபர் 29 அன்று மத்திய அரசு ஆயுஷ்மான் வய வந்தனா அட்டையைத் தொடங்கியது. 70 வயது நிறைந்தவர்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் ஆண்டுக்கு 5 லட்சம். ஆதாரில் இருக்கும் வயதுதான் கணக்கு. குடும்பம் ஏற்கெனவே ஆயுஷ்மான் பாரத்தில் இருந்தால், பெரியவருக்கு மட்டும் தனியாக இன்னொரு 5 லட்சம். தனியார் பாலிசி வைத்திருப்பவர்களும் இ.எஸ்.ஐ. உள்ளவர்களும் இதில் சேரத் தடை இல்லை. 14555 என்ற எண்ணில் கேட்கலாம். மாவட்டக் காப்பீட்டு மையத்துக்குப் போகும்போது பெரியவர்களின் ஆதாரையும் கையோடு கொண்டுபோய், உங்கள் பக்கத்தில் எந்த மருத்துவமனையில் செல்லும் என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.

தனியார் பாலிசி எடுப்பவர்களுக்கு

வருமான வரம்பைத் தாண்டியவர்கள்தான் பாவம் நடுவில் மாட்டுகிறார்கள். 1,20,000 என்பது மாதம் 10,000. அதற்கு மேல் 5,000 சம்பாதிப்பவர் பணக்காரர் ஆகிவிடவில்லை. அவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. எடுக்கப்பட்டுவிட்டது.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் கொண்டுவந்த மாற்றங்கள் வாங்குபவர் பக்கம் நிற்பவை. 65 வயதுக்கு மேல் புதிய பாலிசி தர மாட்டோம் என்று சொல்லும் வழக்கம் போனது. ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம், அதாவது பாலிசி எடுத்த பிறகும் அந்த நோய்க்குப் பணம் கிடைக்காத காலம், அதிகபட்சம் நான்கு வருடமாக இருந்தது, மூன்றாகக் குறைந்தது. தொடர்ந்து 60 மாதம் கட்டிவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, "நீ அன்றைக்கு நோயைச் சொல்லவில்லை" என்று காரணம் காட்டி மறுக்க முடியாது. மூத்த குடிமக்களுக்கு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் பிரீமியம் ஏற்றுவதாக இருந்தால் ஆணையத்திடம் முன்கூட்டியே பேச வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்தது.

படிவம் நிரப்பும்போது ஏஜென்ட், "சர்க்கரையைப் போடாதீங்க அண்ணே, பிரீமியம் கூடும்" என்பார். போடுங்கள். மூன்று வருடம் காத்திருப்பது, சில வருடம் கட்டிவிட்டு வழக்குக்கு அலைவதைவிட மேல். பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம். அந்த 30 நாளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படித்துவிடுங்கள். முக்கியமாக அறை வாடகை வரம்பு என்று ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள்.

அதை ஒரு கணக்கோடு சொல்கிறேன். வரம்பு நாளுக்கு 5,000. நீங்கள் 10,000 ரூபாய் அறையில் நான்கு நாள் இருக்கிறீர்கள். அறைக்கு 40,000, மருத்துவர், அரங்கு, செவிலியர் கட்டணம் 1,00,000, மருந்தும் பொருத்திய கருவியும் 60,000. மொத்தம் 2 லட்சம். அறை வாடகை வித்தியாசம் 20,000-தான் கையிலிருந்து போகும் என்று நினைப்போம். அப்படி இல்லை. அறையில் பாதிதான் தகுதி என்பதால் மருத்துவர், அரங்குக் கட்டணத்திலும் பாதிதான் தருவார்கள். மருந்துக்கும் கருவிக்கும் வெட்டு இல்லை. ஆக அவர்கள் தருவது 1,30,000, நீங்கள் கட்டுவது 70,000. சேரும்போதே, "என் பாலிசிக்கு உரிய அறை கொடுங்கள்" என்று கேட்டால் இது வராது.

பணமில்லாச் சிகிச்சைக்கு அனுமதி கேட்டால் ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும், டிஸ்சார்ஜ் அன்று மூன்று மணி நேரத்துக்குள் இறுதி அனுமதி தர வேண்டும் என்பதும் 2024 விதிதான். தாமதத்தால் மருத்துவமனை கூடுதல் கட்டணம் போட்டால் அதை நிறுவனம்தான் ஏற்க வேண்டும். டிஸ்சார்ஜ் என்று சொன்ன நேரத்தைக் குறித்து வையுங்கள்.

கோரிக்கையை மறுத்தால் காரணத்தை எந்த விதிப்படி என்று எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மனு. பதில் திருப்தி இல்லை, அல்லது ஒரு மாதமாகப் பதிலே இல்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கையை விசாரிப்பார். நிறுவனம் கடைசியாகப் பதில் சொன்ன நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். ஆணையத்தின் பீமா பரோசா தளத்திலும், 155255 என்ற எண்ணிலும் புகார் பதியலாம்.

டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்ததும்

அம்மாவின் மஞ்சப்பை இப்போதும் சாமி படத்துக்குக் கீழே ஆணியில் தொங்குகிறது. உள்ளே அட்டை, அதன் நான்கு நகல், ரேஷன் அட்டை நகல், ஆதார் நகல், இந்த வருட வருமானச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, ஆஞ்சியோகிராம் சி.டி., இந்த வருடம் எவ்வளவு எடுத்தோம், மிச்சம் எவ்வளவு என்று பென்சிலால் எழுதிய ஒரு சீட்டு. பின்பக்கம் 1800 425 3993, 108, என் தம்பியின் நம்பர். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ராத்திரி எந்த நேரத்தில் யார் வந்து கேட்டாலும், விளக்குப் போடாமலே அந்தப் பையை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார்.